நண்பருக்கு ஒரு நாற்காலி



சில மாதங்களுக்கு முன், நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபை அன்பர்களோடு நோயாளிகளைச் சந்திக்க ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தோம். எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் முதல் நாள் இரவு நெஞ்சு வலியோடு அங்கே சேர்ந்திருந்தார். மந்தைவெளியில் சொந்த வீடு. மனைவி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகன் அமெரிக்காவில், மகள் ஆஸ்திரேலியாவில். வலி வந்ததும் தாமே கதவைப் பூட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

வலி அடங்கிவிட்டது. ஆனால் அவர் மனம் அடங்கவில்லை. "ஃபாதர், இங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். கூட இருப்பவர் பெயர், போன் நம்பர் எழுத வேண்டும் என்றார்கள். என் போனைத் திறந்தேன். அறுநூறு பேர் இருக்கிறார்கள். கூட வேலை பார்த்தவர்கள், தினமும் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிறவர்கள், பிறந்த நாளுக்கு 'டியர் ஃப்ரெண்ட்' என்று எழுதுகிறவர்கள். ராத்திரி பதினொன்றரை மணிக்கு இவர்களில் யாரைக் கூப்பிடலாம் என்று எனக்குத் தெரியவில்லை" என்றார்.

கடைசியில் அவர் கூப்பிட்டது, தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரரை. இருபது நிமிடத்தில் அவர் வந்து, கையெழுத்துப் போட்டு, விடியும் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "இருபது வருஷமாக அவர் என் வீட்டுக்கு வருகிறார். துணியை வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவோம். என் போனில் 'அயர்ன்' என்றுதான் போட்டு வைத்திருந்தேன். படிவத்தில் எழுத வேண்டுமே என்றுதான் நேற்று ராத்திரி அவர் பேரையே கேட்டேன், ஃபாதர்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் அழுதார்.

தம் பெயரைச் சொல்லாமல் இதை எல்லாருக்கும் சொல்லுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டதால் சொல்கிறோம். அன்றிலிருந்து ஒரு கேள்வி நம்மை விடவில்லை. நண்பர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்?

தமிழில் இதற்குச் சொற்கள் ஏராளம். நட்பு, தோழமை, கேண்மை, சிநேகம் என்கிறோம். தெற்கே சேக்காளி என்பார்கள், இலங்கையில் கூட்டாளி என்பார்கள். வெறுமனே முகம் தெரிந்தவரைத் 'தெரிந்தவர்' என்றும், கொஞ்சம் பேசியவரைப் 'பழக்கமானவர்' என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். நம் மயிலாப்பூரோடு மரபு சேர்த்துப் பேசும் திருவள்ளுவர், பொருட்பாலில் நட்புக்கென ஐந்து அதிகாரங்கள், ஐம்பது குறள்கள் ஒதுக்கியிருக்கிறார். அவற்றில் ஓர் அதிகாரம் முழுவதும், நட்புக் கொள்ளும் முன் ஆராய வேண்டும் என்பதைப் பற்றியது. இவ்வளவு இருந்தும் இன்று சென்னையில் நாம் புழங்குவது ஒரே ஒரு சொல்தான். ஃப்ரெண்ட். பள்ளியில் பக்கத்து பெஞ்சில் இருப்பவரும் ஃப்ரெண்ட், ஒருமுறை ரயிலில் சந்தித்தவரும் ஃப்ரெண்ட்.

அந்த ஆங்கிலச் சொல்லை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. அதன் வேர் மிக அழகானது. பழைய ஆங்கிலத்தில் 'அன்பு செய்' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. 'அன்பு செய்கிறவர்' என்பதே பொருள். அதே வாய்பாட்டில் 'வெறுக்கிறவர்' என்று ஒரு சொல் உண்டு. அது இன்று ஆங்கிலத்தில் ஃபீண்ட், அதாவது பேய், என்று நிற்கிறது. நடுவில் எந்தப் படியும் இல்லை. அன்பு செய்கிறவர் நண்பர், வெறுக்கிறவர் பேய்.

ஆனால் பேச்சு வழக்கில் அந்தச் சொல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. பழங்காலத்தில் உறவினரையும் அதே சொல்லால் குறித்தார்கள். பிறகு அது மரியாதைக்குச் சொல்லும் சொல்லாயிற்று. இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் தம் கட்சிக்காரரை 'மாண்புமிகு நண்பர்' என்பது மரபு. 1862இல் தொடங்கிய நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் ஆங்கில மரபு அப்படியே வந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞரைக் 'கற்றறிந்த நண்பர்' என்று சொல்லிவிட்டுத்தான் அவர் வாதத்தை உடைக்கத் தொடங்குவார்கள். வழக்கறிஞர்களுக்குப் பேர்போன மயிலாப்பூரில் இதை விளக்க வேண்டியதில்லை. அதே காலத்தில் ஆங்கில அதிகாரிகள் தங்கள் கடிதங்களை 'தங்கள் மிகவும் பணிவுள்ள ஊழியன்' என்று முடிப்பார்கள். நாட்டை ஆள்கிறவர் தம்மை ஊழியன் என்று எழுதினார், வழக்காடுகிறவர் எதிரியை நண்பர் என்று அழைத்தார். யாரும் அதை எழுத்துக்கு எழுத்து நம்பவில்லை. இன்று நம் இளைஞர்கள் 'ஜஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்று சொல்லும்போது, நட்பு ஏதோ காதலுக்குக் கீழே உள்ள ஒரு படி போல ஆகிவிடுகிறது.

இப்படித் தேய்ந்துபோன அந்தச் சொல்லை, ஆங்கிலம் பேசுகிறவர்கள் நிறைந்த ஒரு மன்றத்தில் ஒரு தமிழர் எடுத்து, அதன் முழு எடையோடு திருப்பிக் கேட்டார். அந்த வரலாறு நம் மக்களில் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்ட் 17 அன்று திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தை அந்த ஊர்க் கோயிலின் ஆங்கிலிக்கன் குரு. அசரியா சென்னைக்கு வந்து கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். தேர்வு நேரத்தில் நோயில் விழுந்ததால் பட்டம் வாங்காமலே வெளியேறினார். பின்னர் 1895 முதல் 1909 வரை ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் செயலராக இருந்து ஊர் ஊராகச் சுற்றினார். அந்த ஆண்டுகளில்தான் ஷெர்வுட் எடி என்னும் அமெரிக்கர் அவருக்கு நெருங்கிய நண்பரானார். எடி தமிழ் கற்றுக்கொண்டவர். 1902இல் யாழ்ப்பாணத்துக்குப் போன அசரியா, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் மறைபணியாளர்களை அனுப்புவதைக் கண்டார். மறு ஆண்டே நம் பக்கத்திலும் அதுபோல ஒரு சங்கம் தோன்ற முன்னின்றார்.

1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மறைபணி மாநாடு கூடியது. ஆயிரத்து இருநூறு பேர் அளவில் வந்திருந்தார்கள். அவர்களில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை அதில் பங்கேற்கவில்லை. ஆனால் இத்தாலியின் கிரெமோனா ஆயர் பொனொமெல்லி அனுப்பிய வாழ்த்துக் கடிதம் அங்கே வாசிக்கப்பட்டது. அந்த மன்றத்தில், வெளிநாட்டுப் பணியாளரும் உள்நாட்டுப் பணியாளரும் சேர்ந்து உழைப்பதைப் பற்றிப் பேச, முப்பத்தைந்து வயது அசரியாவை அழைத்தார்கள்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. இரு தரப்புக்கும் நடுவே ஒரு விலகல் இருக்கிறது, மனம் விட்டுப் பேசுவது இல்லை, தோழமை இல்லை என்றார். ஒருவர் சம்பளம் கொடுப்பவர், மற்றவர் அவருடைய வேலைக்காரர் என்ற நிலை நீடிக்கும் வரை இந்தியத் திருச்சபையில் தன்மதிப்பு வளராது என்றார். பழைய மறைபணியாளர்கள் தந்தையராக இருந்தார்கள், அன்றைய மக்களும் பிள்ளைகளாக இருப்பதில் மகிழ்ந்தார்கள். இப்போது வரும் இளையவர்களும் தந்தையராகவே இருக்க விரும்புகிறார்கள், ஆனால் இன்றைய மக்கள் பிள்ளைகளாக நடத்தப்படுவதை விரும்பவில்லை என்றார்.

முடிவுரைக்கு அவர் எடுத்துக்கொண்டது, புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம். திருமணத் திருப்பலிகளில் நாம் அடிக்கடி கேட்கும் பகுதி. உடைமையெல்லாம் வாரி வழங்கினாலும், உடலையே எரிக்கக் கொடுத்தாலும், அன்பு இல்லையேல் பயனில்லை என்கிறார் பவுல். அசரியா அதையே அவர்கள் முன் வைத்தார். நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் உயிரையும் கொடுத்தீர்கள், அந்தத் தியாகத்தை எங்கள் மக்கள் என்றும் நன்றியோடு சொல்வார்கள், ஆனால் நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டுவிட்டு அமர்ந்தார்.

இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்கள். வீடு வாசலை விட்டு, காலராவிலும் காய்ச்சலிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்து உழைத்தவர்களிடம் போய், நீங்கள் எங்களுக்கு நண்பர்களாக இல்லை என்று சொல்வது எளிதா? அவர்கள் தராதது எதுவும் இல்லையே! பள்ளி தந்தார்கள், மருத்துவமனை தந்தார்கள். பிறகு எதைத்தான் கேட்டார் அசரியா?

நமக்குத் தோன்றுவது இதுதான். அவர்கள் எல்லாவற்றையும் கொடுத்தார்கள், எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. இந்தியரிடமிருந்து ஓர் ஆலோசனையை, ஒரு கண்டிப்பை, ஒரு வேளைச் சோற்றை வாங்கிக்கொள்ளப் பலருக்கு மனம் வரவில்லை. கொடுக்கும் கை எப்போதும் மேலேதான் இருக்கும். வாங்கும்போதுதான் கை கீழே இறங்கும். இரண்டு கைகளும் மாறி மாறி மேலும் கீழும் வந்தால்தான் அதற்கு நட்பு என்று பெயர்.

இந்த உண்மையை அசரியாவுக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆங்கிலேயர் எழுதி வைத்திருந்தார். யார்க்‌ஷயரில் ரிவோ என்னும் துறவு மடத்தின் தலைவராக இருந்து 1167இல் இறந்த புனித ஏல்ரெட் அவர். ஆன்மிக நட்பைப் பற்றி லத்தீனில் ஓர் உரையாடல் நூல் எழுதினார். குருமடத்தில் அந்நூலைப் பற்றிப் படித்தபோது, நம் வள்ளுவருக்கும் அவருக்கும் உள்ள ஒற்றுமை நமக்கு வியப்பாக இருந்தது. தேர்ந்தெடு, சோதித்துப் பார், பிறகு ஏற்றுக்கொள் என்று ஏல்ரெட்டும் படிப்படியாகச் சொல்கிறார். எல்லாருக்கும், பகைவருக்கும்கூட, அன்பு காட்டக் கடமை உண்டு, ஆனால் நெஞ்சைத் திறந்து ஒப்படைப்பது நண்பரிடம் மட்டுமே என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, நட்பில் பெரியவர் சிறியவர் இல்லை, உயர்ந்தவர் இறங்கி வந்து சமமாக வேண்டும் என்கிறார். இரண்டு நண்பர்கள் பேச உட்காரும்போது மூன்றாமவராகக் கிறிஸ்து அங்கே இருக்கிறார் என்ற நம்பிக்கையோடுதான் அவர் நூலே தொடங்குகிறது.

ஏல்ரெட்டும் இதைத் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில், இறுதி இரவு உணவின்போது இயேசு தம் சீடரிடம் சொல்வதை நினைத்துப் பாருங்கள். இனி உங்களைப் பணியாளர் என்று சொல்ல மாட்டேன், தலைவர் செய்வது பணியாளருக்குத் தெரியாது, நீங்கள் என் நண்பர்கள், தந்தையிடம் நான் கேட்டதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிவிட்டேன் என்ற பொருளில் பேசுகிறார். சற்று முன்தான் அவர்கள் காலைக் கழுவியிருந்தார். கொடுக்கத் தெரிந்த அவருக்கு வாங்கிக்கொள்ளவும் தெரிந்திருந்தது. சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். சக்கேயுவின் வீட்டில் தாமே வந்து தங்குவதாகச் சொன்னார். பெத்தானியாவில் மார்த்தாவின் கையால் சாப்பிட்டார். கெத்சமனியில், என்னோடு விழித்திருங்கள் என்று மூன்று நண்பர்களிடம் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள், ஆனாலும் அவர் கேட்டார்.

அசரியாவின் குரல் வீண் போகவில்லை. அன்றைய ஆங்கிலிக்கன் சென்னை ஆயர் ஹென்றி ஒயிட்ஹெட் அவரைத் தமக்குச் சமமான ஆயராக்க வேண்டும் என்று வாதாடினார். ஐரோப்பியரிடமிருந்து மட்டுமல்ல, நம்மவரிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. ஆயினும் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அசரியா, தோர்ணக்கல் மறைமாவட்டத்தின் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் அவரே. பிரிந்து கிடந்த சீர்திருத்தச் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று 1919 முதல் உழைத்தார். 1945 ஜனவரி 1 அன்று இறந்தார். அவர் கனவு கண்ட தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது, நம் கதீட்ரல் சாலையில் இருக்கும் புனித ஜார்ஜ் பேராலயத்தில்தான். அந்த வழியாகப் போகும்போது ஒரு நொடி அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்பார்ந்தவர்களே, ஆங்கிலேயரைக் குறை சொல்லிவிட்டு இத்தோடு முடித்தால் நமக்குச் சுகமாக இருக்கும். ஆனால் மந்தைவெளிப் பெரியவர் நம்மை அப்படி விடவில்லை. அவர் இஸ்திரிக்காரருக்குத் தீபாவளிக்குப் பணம் கொடுத்திருக்கிறார், கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் கொடுத்திருக்கிறார், அவர் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமும் ஒருமுறை கட்டியிருக்கிறார். கொடுக்காதது ஒரு நாற்காலிதான். நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாவுக்குக் காபி கொடுக்கிறோம். எந்த டம்ளரில் கொடுக்கிறோம்? அவர் எங்கே உட்கார்ந்து குடிக்கிறார்? அடையாற்றிலும் தி.நகரிலும் அடுக்குமாடியில் மேலும் கீழும் போகும் நம்மில் எத்தனை பேருக்குக் காவலாளியின் ஊர் தெரியும்? அன்பியக் கூட்டம் நடத்த எல்லார் வீட்டுக்கும் போகிறோமா, அல்லது சில தெருக்களுக்கு மட்டும்தானா?

குருக்களாகிய நாங்களும் இதற்கு விலக்கு அல்லர். மக்கள் எங்களை 'ஃபாதர்' என்கிறார்கள், எழுந்து நிற்கிறார்கள், நல்ல நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். அந்த மரியாதை பழகிப்போய்விட்டது. எங்கள் தவற்றை முகத்துக்கு நேரே சொல்லும் நண்பர் பங்கில் ஒருவராவது உண்டா என்று கேட்டால், பல நேரம் பதில் இல்லை. தந்தையாகவே இருக்க விரும்பும் இளையவர்கள் என்று அசரியா சொன்னது நூறு ஆண்டு கழித்து எங்கள் காதிலும் விழுகிறது.

நம் சாந்தோம் மண்ணில் நடந்த புனிதர் ஒருவரைச் சொல்லி முடிக்கிறோம். 1545இல் புனித பிரான்சிஸ் சவேரியார் மயிலாப்பூருக்கு வந்து, ஏறத்தாழ நான்கு மாதம் திருத்தூதர் தோமாவின் கல்லறைக் கோயிலை அடுத்த வீட்டில் தங்கினார். இங்கேயிருந்து கிழக்கே கப்பலேறினார். மறு ஆண்டு மே மாதம் அம்போன் தீவிலிருந்து ஐரோப்பாவில் இருந்த தம் தோழர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவரவர் கையெழுத்துப் பெயர்களை வெட்டியெடுத்து, எப்போதும் தம்மோடு சுமந்து செல்வதாக அதில் சொல்கிறார். அந்தத் தோழர்கள் யார்? பாரிசில் மாணவராக இருந்தபோது, நவார் நாட்டு உயர்குடியில் பிறந்த சவேரியார், ஆடு மேய்த்து வளர்ந்த பீட்டர் ஃபேவரோடு ஒரே அறையில் தங்கினார். அந்த அறைக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர் இஞ்ஞாசியார். தொடக்கத்தில் சவேரியாருக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. பழகப் பழகத்தான் நட்பு வந்தது. 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத் தீவில் இறந்தபோதும், உலகின் மறுமுனையில் இருந்த நண்பரின் பெயர் அவர் மார்பில் இருந்தது. அவர் சுமந்தது அறுநூறு பெயர்கள் அல்ல, சில பெயர்கள்தான்.

பெரியவர் இப்போது நலமாக வீட்டில் இருக்கிறார். போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். அவர் போனில் 'அயர்ன்' இப்போது இல்லை, அங்கே ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. வீட்டுக்கு வந்த முதல் வாரமே அவரை உள்ளே அழைத்து உட்காரச் சொன்னாராம். "அவர் சோபாவின் நுனியில்தான் உட்கார்ந்தார், ஃபாதர். எனக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ரெண்டு பேரும் காபியைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறார். போன வாரம், மகனிடம் நான் போனில் கத்தியது தப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

இந்த வாரம் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் வாசலுக்கு நாள்தோறும் வந்து போகும் ஒருவரின் பெயரைக் கேட்போம். முடிந்தால் உள்ளே அழைத்து உட்கார வைப்போம். அவர் நமக்கு ஏதாவது சொன்னாலும், கொடுத்தாலும், மறுக்காமல் வாங்கிக்கொள்வோம். தம் சீடரை நண்பர்கள் என்று அழைத்த ஆண்டவர் நம் வீடுகளில் மூன்றாமவராக வந்து அமர்வாராக. ஆமென்.